பதினோராவது விநாடி

வாங்க தம்பி, உள்ள வாங்க. வீடு கண்டுபிடிக்க செரமமா இருந்துச்சா? இருக்காது. முருங்க மரத்துல டிஸ்க் தொங்குற வீடு எதுன்னு கேட்டா தெருவுல யாரும் காட்டிருவாங்கன்னு போன்லயே சொன்னேன்ல. காக்கா உக்காராம இருக்கக் கட்டினதான்னு கேப்பாங்க. நானும் ஆமான்னு சொல்லிருவேன். அஞ்சு டிஸ்க். நல்ல டிஸ்க். கோவில்பட்டியில கெடைக்காம மதுரைக்குப் போயி வாங்கிட்டு வந்தது. எட்டு வருஷமா வெயில்லயும் மழையிலயும் கெடக்கு, பளபளப்பு இன்னும் போகல. நான் கட்டல, என் வீட்டுக்காரி கட்டினா.

உக்காருங்க. இந்தா, இதுதான் நீங்க வாங்க வந்த ரைட்டர், டிஸ்க்ல எழுதுற மிஷின். எடுத்துப் பாருங்க, தூக்கிப் பாருங்க. கீறல் இருக்கா? இருக்காது. பெட்டி, வயர், கூடவே வந்த சின்ன புத்தகம், எல்லாம் இருக்கு. லேப்டாப் கொண்டாந்தீங்கல்ல? சரி, பையிலயே இருக்கட்டும். அவசரமில்ல. ரெண்டு வயசுப் புள்ளையோட போட்டோவெல்லாம் போன்ல கெடக்கு, டிஸ்க்ல ஏத்தி வைக்கணும்னு சொன்னீங்க. நல்ல காரியம். ஆனா எதுலயோ ஏத்தி எப்படியோ வச்சா ஏத்தாததுக்கு சமானம். அதனால நான் சொல்றத செத்த நேரம் கேட்டுட்டு அப்புறம் எடுத்துட்டுப் போங்க.

இப்ப தண்ணிச் செம்பு வச்சுட்டுப் போனா பாருங்க, அவதான் என் வீட்டுக்காரி. செண்பகவல்லி. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லலையேன்னு நெனைக்காதீங்க. அவளால பேச முடியாது. தொண்டையில கட்டி வந்து குரல்வளையவே எடுத்துட்டாங்க, பத்து வருஷம் ஆச்சு. காது நல்லா கேக்கும். அடுக்களையில நின்னுக்கிட்டே தெருமுனையில யாரு வண்டி வருதுன்னு சொல்லிருவா. சொல்லுவான்னா, எழுதிக் காட்டுவா. இருபத்தெட்டு வருஷம் ஒண்ணாங்கிளாஸ் டீச்சரா இருந்தவ. வீட்டுல சிலேட்டுக்குப் பஞ்சமில்ல.

என் பேரு ஆவுடையப்பன். மில்லுல டெஸ்டிங் ஆவுடையப்பன்னா தெரியும். முப்பத்தொரு வருஷம் நூல் சோதிக்கிற ரூம்ல இருந்தேன். நூல் எவ்வளவு இழுத்தா அறும், எவ்வளவு தடிப்பு, எங்க முடிச்சு, எங்க மெலிவு, அதெல்லாம் பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் சரக்கு வெளிய போகும். ஒரு தடவ மேனேஜர் வந்து, ஆவுடையப்பன், இந்த ஒரு லாட்ட மட்டும் கண்டுக்காம விடுங்கன்னாரு. நான் போடலையே கையெழுத்து. ஆறு மாசம் கழிவுப்பஞ்சு குடோன்ல உக்கார வச்சாங்க. உக்காந்தேன். இல்லாதத இருக்குன்னு நான் ஒரு காகிதத்துலயும் எழுதினது கெடையாது, வாயாலயும் சொன்னது கெடையாது. இத பெருமைக்குச் சொல்லல, ஒரு காரணத்துக்காகச் சொல்றேன்.

அங்க எனக்கு ரெண்டு ரூல் உண்டு. ஒண்ணு, நூல் ஓட்டுற மிஷின்காரன் அவன் நூல அவனே சோதிக்கக் கூடாது. சாம்பிள எடுத்து வேற ரூமுக்குக் கொண்டுபோயி வேற ஆளு பாக்கணும். ரெண்டாவது, கழிச்சுப்போட்ட சாம்பிளத் தூக்கி எறியக் கூடாது. என்ன காரணத்துக்குக் கழிச்சோம்னு சீட்டு எழுதி ஒரு வருஷம் வச்சிருக்கணும். இந்த ரெண்டு ரூலையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல்ல ரைட்டர் விஷயம். கம்ப்யூட்டருக்குள்ளயே வர்ற ரைட்டர் வேண்டாம்னு நான் முடிவு பண்ணினேன். ஏன்னா கம்ப்யூட்டர் போனா அதுவும் சேந்து போகும். இது தனி. வயர மாட்டினா எதுலயும் ஓடும். அப்புறம் வேகம். கடைக்காரன் வேகமா எழுதும் சார், வேகமா எழுதும் சார்னுவான். வேகமா எழுதுறது பெருசில்ல, மெதுவா எழுத முடியுதான்னு கேக்கணும். மெதுவா எழுதினாத்தான் டிஸ்க்ல பதியிற குழி ஆழமா விழும். இது மெதுவாவும் எழுதும். அதுக்காகவே மூணு கடை ஏறி இறங்கினேன்.

அடுத்து டிஸ்க். திரும்பத் திரும்ப அழிச்சு எழுதுற டிஸ்க் வாங்காதீங்க. அழிக்க முடியிறது ஒருநாள் தானாவே அழியும். ஒரே தடவ எழுதுறதா வாங்குங்க. அதுலயும் பிளஸ் போட்டது, மைனஸ் போட்டதுன்னு ரெண்டு ஜாதி இருக்கு. எல்லா ரைட்டரும் எல்லா டிஸ்க்கோடயும் ஒத்துப்போகாது. பெட்டிக்குள்ள இருக்குற சின்ன புத்தகத்துல எந்தெந்த டிஸ்க் ஒத்துப்போகும்னு பொடி எழுத்துல போட்டிருப்பான். ஒருத்தனும் வாசிக்க மாட்டான். நான் வாசிச்சேன், லென்ஸ் வச்சு. அப்புறம் டிஸ்க்கோட அடிப்பக்கம். நீலம், பச்சை, பொன்னிறம்னு இருக்கும். பொன்னிறம்தான் வெலை ஜாஸ்தி, ஆனா அதுதான் நெலைக்கும். மேல ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. பால்பாயின்ட் பேனாவால எழுதக் கூடாது. படுக்கப் போடாம நிக்க வைக்கணும். இத்தனையும் நான் இருபத்திரண்டு நாள்ல கத்துக்கிட்டேன்.

இருபத்திரண்டு நாள்னா என்ன கணக்குன்னு கேப்பீங்க. ஆஸ்பத்திரியில தேதி குறிச்சுக் குடுத்ததுல இருந்து ஆபரேஷன் வரைக்கும் இருந்த நாள். அவளுக்கு ரொம்ப நாளா தொண்ட கட்டுன மாதிரி இருந்துச்சு. சாக்பீஸ் தூளுன்னு நெனச்சோம். வெந்நீர், மிளகு, அதிமதுரம்னு ஒரு வருஷம் ஓட்டினோம். அப்புறம் மதுரையில காட்டினோம். டாக்டர் நல்ல மனுஷன். உயிருக்கு பயமில்ல, ஆனா குரல் வராதும்மா, இந்த இருபத்திரண்டு நாள்ல பேச வேண்டியதெல்லாம் பேசிக்கோங்கன்னாரு. அவ என்னயப் பாத்து சிரிச்சா. அவ ஜாஸ்தி பேசுறவ தம்பி. பள்ளிக்கூடத்துல பேசிட்டு வந்து வீட்டுலயும் பேசுவா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டே உம் கொட்டுவேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, கோமதி. ஓசூர்ல இருக்கா. போன்ல அழுதுட்டு, அப்பா, அம்மா பேசுறத பதிவு பண்ணி வைக்கணும்னா. மறுநாளே கெளம்பி வந்தா. காதுல மாட்டுற மைக் ஒண்ணு வாங்கி, வீட்டுல இருந்த கம்ப்யூட்டர்ல எல்லாம் செட் பண்ணினா. பதிவு ஆகுறதெல்லாம் உள்ள எங்கேயோ ஒரு இடத்துல போயி விழும். அம்மாவுக்கு அங்க தேடிப் போகத் தெரியாதுன்னு, கம்ப்யூட்டரத் தொறந்ததும் முன்னாடியே தெரியிற மாதிரி ஒரு மஞ்சப் பை படம் வச்சு அதுக்கு "அம்மா குரல்"னு பேரு குடுத்தா. அத அமுக்கினா எல்லா பதிவும் வரிசையா வந்து நிக்கும். ரெண்டு நாள் இருந்துட்டு ஊருக்குப் போயிட்டா, லீவு இல்ல அவளுக்கு. ஆபரேஷனுக்கு வர்றேன்னா.

அதுக்கப்புறம் வேலைய நாங்க பிரிச்சுக்கிட்டோம். பேசுறது அவ வேலை, அத காப்பாத்துறது என் வேலை. அவ காலையில குளிச்சுட்டு உள்ரூமுக்குப் போயி கதவச் சாத்திக்கிடுவா. நான் மதுரைக்கு பஸ் ஏறிருவேன். மூணு தடவ போனேன். போகாத நாள்ல பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு நெட் சென்டர்ல உக்காந்து டிஸ்க்க பத்தி வாசிப்பேன். நோட்டு போட்டு எழுதுவேன். வீட்டுக்கு வந்தா அவ, வாங்க, செத்த நேரம் உக்காருங்கன்னுவா. நான் சும்மாவா திரியிறேன், உன் குரலுக்காகத்தான அலையிறேன், உக்காந்தா யாரு பாப்பான்னு கேப்பேன். அதுக்கு அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. சொல்லியிருக்கலாம். அப்ப அவளுக்குக் குரல் இருந்துச்சு.

மொத்தம் பத்தொம்பது பதிவு. நாலு மணி பன்னெண்டு நிமிஷம். எப்படித் தெரியும்னா நான் சோதிச்சேன். ஒவ்வொண்ணையும் பத்து விநாடி போட்டுக் கேட்டேன். சத்தம் தெளிவா இருக்கா, கரகரப்பு இருக்கா, நடுவுல விட்டுப்போகுதான்னு பாக்க பத்து விநாடி போதும். ஒரு கோன் நூலையும் முழுசா பிரிச்சா பாப்போம்? பதினோரு பதிவு "கோமதி"ன்னு ஆரம்பிக்கும். எட்டு "ஏங்க"ன்னு ஆரம்பிக்கும். அதுக்கு மேல என்ன பேசியிருக்கான்னு எனக்குத் தெரியாது. சாவகாசமா பிறகு கேட்டுக்கலாம், அதுக்குத்தான பதிவு பண்றோம்.

ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி டிஸ்க்ல ஏத்தினேன். அந்த மஞ்சப் பைய அப்படியே இழுத்து ரைட்டர்ல போட்டேன். அரை நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. பாத்தியா, ரைட்டருன்னா இதுன்னு அவகிட்ட சொன்னேன். அவ பக்கத்துல நின்னு பாத்தா. அந்தப் பை மேல சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கே, அது என்னதுன்னு கேட்டா. இங்க அமுக்கணும்னு காட்டுறதுக்கு வச்சிருக்கான்னு சொன்னேன். டிஸ்க்க கையில வாங்கித் திருப்பி, எழுதின எடம் மட்டும் நெறம் மாறியிருக்குறதப் பாத்துட்டு, நாலு மணி நேரம் பேசினது இந்த நூலளவு வளையத்துக்குள்ள அடங்கிருச்சான்னா. உனக்கு ஒண்ணாங்கிளாஸ் கணக்குதான் தெரியும், இது வேற கணக்குன்னேன். சிரிச்சா. அப்புறம் டிஸ்க்க போட்டு ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். பத்தொம்பதும் பாடுச்சு, தெளிவா. நோட்டுல தேர்ச்சின்னு எழுதி கையெழுத்துப் போட்டேன்.

அஞ்சு காப்பி. வீட்டுல ஒண்ணு, கோமதிக்கு ஒண்ணு, மச்சினனுக்கு ஒண்ணு, பேங்க் லாக்கர்ல ஒண்ணு, எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணு. எல்லார்கிட்டயும் கண்டிப்பா சொல்லிட்டேன், யாரும் போட்டுப் பாக்கக் கூடாது, ஒவ்வொரு தடவ போடும்போதும் கீறல் விழும், பத்திரமா நிக்க வச்சிருங்கன்னு. என் சொல்ல யாரும் மீறல. அது ஒண்ணு உண்டு எங்க குடும்பத்துல.

ஆபரேஷன் நல்லபடியா ஆச்சு. கழுத்துல வச்சுப் பேசுற மிஷின் ஒண்ணு வாங்கிக் குடுத்தோம். ஒரே ஒரு நாள் பேசிப் பாத்தா. டப்பாவுக்குள்ள இருந்து யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. எடுத்து பீரோவுல வச்சிட்டா. கம்ப்யூட்டர் நல்லா இருந்த அடுத்த ரெண்டு வருஷமும் பதிவ நான் கேக்கலையான்னு கேக்குறீங்களா? கேக்கல. கம்ப்யூட்டர் உள்ரூம்ல இருந்துச்சு, அவளும் அங்கதான் படுத்திருப்பா. பேச முடியாம படுத்திருக்குறவ பக்கத்துல உக்காந்து அவ பேசினதக் கேக்க எனக்கு வரல. ஒருநாள் அவளே கம்ப்யூட்டர போட்டுவிட்டு என்னயக் கைகாட்டிக் கூப்பிட்டா. நான் அப்புறம் கேக்குறேன்னு சொன்னேன். அஞ்சு காப்பி இருக்கு, எங்க போகப் போகுது.

ரெண்டாவது வருஷம் ஐப்பசியில இடி விழுந்துச்சு. நம்ம வீட்டுல விழல, தெருமுனை டிரான்ஸ்பார்மர்ல. டிவி போச்சு, மோட்டார் போச்சு, கம்ப்யூட்டர் போச்சு. மச்சினன் பதறிப்போயி வந்தான். நான் சிரிச்சேன் தம்பி. இதுக்குத்தானடா அஞ்சு காப்பி போட்டிருக்கேன்னு சொன்னேன். அவ அடுக்களை வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. அவளையும் பாத்துச் சொன்னேன், கவலப்படாதன்னு.

பொங்கலுக்கு கோமதி லேப்டாப்போட வந்தா. அம்மா குரல இதுல ஏத்திக்கிடுறேன்னா. டிஸ்க்க போட்டோம். அதே மஞ்சப் பை, அதே அம்புக்குறி. அமுக்கினா ஒண்ணும் வரல. இருக்குற இடம் தெரியலன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி வந்துச்சு. திரும்ப அமுக்கினா. திரும்ப அதே வரி. கோமதி அந்தப் படத்தோட அளவு எவ்வளவுன்னு தொறந்து பாத்தா. அப்புறம், அப்பா, இது வழிகாட்டிப் பலகை மட்டும்தாம்ப்பா, ஊரு இல்லன்னா. உள்ள இருக்குற இடத்துக்கு கையக் காட்டுற படம் அது. நான் அந்தப் படத்தத்தான் டிஸ்க்ல ஏத்தியிருக்கேன். அஞ்சு டிஸ்க்லயும். பொன்னிற டிஸ்க்ல, மெதுவா, ஆழமா. நான் சோதிச்சப்ப பாடுச்சுன்னா, அது அந்த கம்ப்யூட்டர்ல இருந்தே பாடியிருக்கு. டிஸ்க்ல இருந்து ஒண்ணும் வரல.

இப்ப அந்த முதல் ரூல் ஞாபகம் இருக்கா? ஓட்டினவனே சோதிக்கக் கூடாது. எழுதின மிஷின்லயே போட்டுப் பாக்கக் கூடாது. பக்கத்து வீட்டு கம்ப்யூட்டர்ல ஒரு தடவ போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும், அப்ப அவ இன்னும் ரெண்டு நாள் பேசியிருப்பா. முப்பத்தொரு வருஷம் ஊருக்குச் சொன்ன ரூல என் வீட்டுல நானே மீறிட்டேன். வேற எங்கயும் நான் தப்புப் பண்ணல தம்பி. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். ரைட்டர்ல தப்பில்ல, டிஸ்க்ல தப்பில்ல. இந்த ஒரு இடம்தான்.

கருகின கம்ப்யூட்டரோட உள்பொட்டிய கழட்டி மதுரையில ஒரு கடையில குடுத்தோம். ஒரு மாசம் வச்சிருந்து, ஒண்ணும் எடுக்க முடியல சார்னு திருப்பிக் குடுத்துட்டான். அதுக்குள்ள மத்த டிஸ்க்கையும் எல்லார்கிட்ட இருந்தும் திருப்பி வாங்கிப் போட்டுப் பாத்தாச்சு. அந்த உள்பொட்டிய கொண்டாந்து மேசையில வச்ச அன்னிக்கு அவ அஞ்சு டிஸ்க்கையும் எடுத்துட்டுப் போனா. ஓட்டையில சணல் கோத்து முருங்க மரத்துல கட்டினா. நான் இங்க இருந்து பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு அழுகையும் வரல, கோவமும் வரல. கை மரத்துப்போனா கிள்ளிப் பாப்போம்ல, அப்படி கிள்ளிப் பாத்தாலும் ஒண்ணும் தெரியல. இன்னிக்கும் அப்படித்தான் இருக்கு.

என்னதான் பேசின அதுலன்னு ஒருநாள் கேட்டேன். அந்த எட்டுல. சிலேட்டுல எழுதிக் காட்டுன்னேன். மறந்துபோச்சுன்னு எழுதினா. மறந்திருப்பாளா? ஒண்ணாங்கிளாஸ்ல படிச்ச புள்ளைங்க பேரு இருபத்தெட்டு வருஷத்துக்கும் வரிசையா எழுதுவா. சரி, மறந்துபோச்சுன்னா மறந்துபோச்சு. நான் மறுபடி கேக்கல.

அவ்வளவுதான் கதை, ரைட்டர எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பேன். நேத்து நீங்க போன் பண்ணினதுக்கப்புறம் பரண்ல இருந்து பெட்டிய இறக்கினேன். அடியில ஒரு காகித உறை இருந்துச்சு. இந்தா, இதுதான். உள்ள ஒரு டிஸ்க், கூட ஒரு சீட்டு. என் கையெழுத்து. வாசிக்கிறேன். "சோதனைப் பதிவு ஒன்று. பதினோராவது விநாடியில் வெளியிலிருந்து சத்தம். கழிக்கப்பட்டது." கீழ தேதி. ஆபரேஷனுக்கு அஞ்சு நாள் முன்னாடி.

இது என்னன்னா, அவ பதிவுகள ஏத்துறதுக்கு முன்னாடி ரைட்டரையும் டிஸ்க்கையும் சோதிக்கணும்ல. அதுக்கு நானே மைக்க மாட்டிக்கிட்டு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிப் பதிவு பண்ணி ஏத்தினேன். அது கம்ப்யூட்டர்ல வெளியவே கெடந்த பதிவு. கைகாட்டிப் படம் இல்ல, நெசப் பதிவு. கோமதிகிட்ட ராத்திரி போன்ல கேட்டேன். அப்படின்னா அது டிஸ்க்ல இருக்கும்ப்பான்னா. ஒரு வருஷம் வச்சிருந்து எறிய வேண்டியது. எறியாம விட்டுப்போச்சு.

சோதனை நோட்டும் கூடவே இருந்துச்சு. நான் எப்படி வேல பாத்தேன்னு உங்களுக்கும் தெரியட்டும், வாசிக்கிறேன் கேளுங்க. "11.40. பதிவு ஒன்று. வெளிச் சத்தம். கழிவு. 11.48. அடுக்களைக் கதவு சாத்தி மறுபதிவு. சத்தம் இல்லை. தேர்ச்சி. 12.05. இரண்டாம் டிஸ்க். தேர்ச்சி. 12.20. மூன்றாம் டிஸ்க்." பாத்தீங்களா, நிமிஷக் கணக்கு. இப்ப எவன் இப்படி எழுதுறான்.

ஆனா என்ன சத்தம்னு எழுதாம விட்டுட்டேன். அதுதான் ராத்திரியெல்லாம் மண்டையக் கொடஞ்சுது. அடுக்களையில இருந்து வந்த சத்தம். கதவச் சாத்தியிருக்கேனே, அப்ப அங்க இருந்துதான். அங்க சத்தம் போடுறதுன்னா ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு குக்கர், இன்னொண்ணு அவ. பதினொண்ணு நாப்பது, குக்கர் விசிலடிக்கிற நேரம்தான். குக்கரா இருந்தா குக்கர். அத ஒண்ணும் செய்ய முடியாது. அவளா இருந்தா, இந்த உலகத்துல அவ குரல் இருக்குற ஒரே இடம் இதுதான்.

அவகிட்ட சொல்லல. குக்கரா இருந்துட்டா என்ன பண்றது. எங்கிட்ட இப்ப கம்ப்யூட்டரும் இல்ல. அதான் லேப்டாப் கொண்டாங்கன்னு சொன்னேன். ரைட்டர டெஸ்ட் பண்ணிப் பாத்து வாங்கிக்கோங்கன்னு சொன்னது பொய்யில்ல, அதுவும் நடக்கும். ஆனா எனக்கு இது வேணும். எழுதினது ஒரு மிஷின், சோதிக்கிறது வேற மிஷின், அமுக்குறது வேற ஆளு. இந்தத் தடவ ரூல்படி நடக்கட்டும்.

எடுங்க லேப்டாப்ப. வயர இந்தப் பக்கம் மாட்டுங்க. லைட் எரியுதா? எரியுது. டிஸ்க்க ஓரத்தப் பிடிங்க, அடியில வெரல் படாம. ம். தள்ளுங்க. சுத்துது. சத்தம் கேக்குதா, இப்படித்தான் முதல்ல உறுமும். பத்து வருஷம் ஆச்சுல்ல, கொஞ்சம் தேடும். தேடட்டும். தெரியுதா ஏதாவது? ஒண்ணுதான் இருக்கா? அம்புக்குறி இருக்கா பாருங்க. இல்லையா? நல்லா பாருங்க. சரி. இருங்க, ஒரு நிமிஷம். தண்ணி குடிச்சுக்கிடுறேன். ம். அமுக்குங்க.

இது நான்தான். "சோதனை, ஒண்ணு, ரெண்டு, மூணு." குரல் அப்ப கணீர்னு இருந்திருக்கு எனக்கு. நாலு. அஞ்சு. ஒவ்வொரு விநாடிக்கும் ஒண்ணு எண்ணியிருக்கேன், கடிகாரத்த பாத்து. எட்டு. ஒம்பது.

அவதான்.

நிறுத்தாதீங்க. ஓடட்டும். முடிஞ்சிருச்சா? இன்னொரு தடவ போடுங்க. "ஏங்க, அடுப்ப அணைச்சிட்டேன். வந்து செத்த நேரம் பக்கத்துல உக்காருங்களேன்." கேட்டுச்சா உங்களுக்கு? தெளிவா கேக்குதுல்ல. கொஞ்சம் கம்மல், ஆனா அவ குரல்தான். இழுப்பு பாருங்க, உக்காருங்களேன்னு. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்ககிட்ட பேசுற மாதிரி. அடுத்தது நான். "பேசாத, பேசாத. பதிவு ஓடுது." அப்புறம் அவ. "சரி." அவ்வளவுதான். அதுக்கு மேல வெறும் இரைச்சல்.

இன்னொரு தடவ. "பேசாத"ன்னா சொல்லியிருக்கேன்? ஆமா. சொல்லித்தான் இருக்கேன்.

வா செண்பகம். கேட்டுச்சா? உன் குரல்தான். தம்பி, அவளுக்கு ஒரு தடவ போடுங்க. நின்னுக்கிட்டே இருக்க, உக்காரு. உக்கார மாட்டேங்குறா. கையெல்லாம் மாவு. போடுங்க தம்பி, அவ கேக்கட்டும்.

சிலேட்டுல எழுதுறா. இருங்க, கண்ணாடி எங்க வச்சேன். என்ன எழுதியிருக்க? "அன்னிக்கு வந்தீங்களா?"

அன்னிக்கா. வந்தேனே. அத முடிச்சிட்டு உடனே வந்தேன். வந்து உக்காந்தேனே, உனக்கு ஞாபகம் இல்லையா? கொஞ்ச நேரம் பேசிட்டுக்கூட இருந்தோம். நீ மறந்திருப்ப.

தம்பி, அந்த நோட்ட மூடி உங்க பக்கம் வச்சுக்கோங்க.

அழிச்சிட்டு மறுபடி எழுதுறா. காட்டு. "சரி"ன்னு எழுதியிருக்கா.

காப்பி கொண்டு வருவா, குடிச்சிட்டுப் போங்க. ரைட்டர எடுத்துக்கோங்க, வயர் அந்தப் பெட்டிக்குள்ளயே இருக்கு. டிஸ்க்க மட்டும் வெளிய எடுத்து இந்த உறையில போட்டுருங்க. ஓரத்தப் பிடிச்சு எடுங்க.